நோயுற்ற குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாமா? பெங்களூருப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் பெரும்பாலான பள்ளி வேன்கள் காலை ஏழரை மணிக்குள் வாசலுக்கு வந்துவிடுகின்றன. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்பது பல வீடுகளில் ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில்தான் தெரியவருகிறது. அந்த அவசரத்தில் ஒரு கரண்டி சிரப்பைக் கொடுத்து அனுப்பப்பட்ட குழந்தைகளை, பத்தரை, பதினொரு மணி வாக்கில் நான் பணிபுரியும் பள்ளியின் சிக் ரூமில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பாராசிட்டமாலின் பலன் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் இருக்கும் என்பதால், அது தீரும் வேளையில் குழந்தை வகுப்பில் உட்கார்ந்திருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ பணிபுரியும் பெற்றோர் தகவல் கிடைத்து, சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலைக் கடந்து வந்து சேரும்வரை அந்தக் குழந்தை காய்ச்சலோடு காத்திருக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே குடிவந்து, பாட்டி தாத்தா பக்கத்தில் இல்லாமல், முதல் குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்த்திருக்கும் பெற்றோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். படிகளின் வரிசை முக்கியமானது; வரிசை மாறினால் சரியான தகவல்கள் கையில் இருந்தும் முடிவு தவறாகிவிடுகிறது.

1. வீட்டில் முன்கூட்டியே இருக்க வேண்டியவை

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, மருத்துவர் பரிந்துரைத்த பாராசிட்டமால் சிரப், அதனுடன் வரும் அளவுக் குப்பி அல்லது மருந்து ஊட்டும் சிரிஞ்சு, ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலங்கள், வீசிங் (மூச்சிரைப்பு) உள்ள குழந்தையாக இருந்தால் இன்ஹேலரும், அதோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயும் வீட்டில் இருக்க வேண்டும். குழந்தையின் தற்போதைய எடையை ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள். பாராசிட்டமாலைக் கணக்கிடுவது வயதை வைத்து அல்ல, எடையை வைத்தே. மருத்துவர்கள் பொதுவாக ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் எழுதித் தருகிறார்கள்.

இங்கே நேரும் தவறு மிகவும் சாதாரணமானது. கடையில் கிடைக்கும் சிரப்புகளில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. 16 கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதல் வகையில் 10 மில்லி தேவைப்படும். இரண்டாம் வகையில் 5 மில்லிக்குச் சற்றுக் குறைவாகவே போதும். பழைய புட்டி தீர்ந்து புதியது வாங்கும்போது எண்ணைப் பார்க்காமல் அதே அளவை ஊற்றினால் இரட்டிப்பு மருந்து உள்ளே போய்விடும். சமையலறைக் கரண்டியால் அளப்பதையும் அடியோடு விட்டுவிடுங்கள்.

2. முதல் நாள் இரவே தொடங்குங்கள்

மாலையில் வழக்கத்தைவிடச் சோர்வாக இருப்பது, விரும்பிச் சாப்பிடும் தோசையைக்கூட ஒதுக்குவது, விளையாடாமல் மடியில் வந்து படுத்துக்கொள்வது ஆகியவை காய்ச்சலுக்குச் சில மணி நேரம் முன்பே தெரியும் அடையாளங்கள். அவற்றைக் கண்டால் தூங்குவதற்கு முன் ஒருமுறை வெப்பம் பாருங்கள். நாளை வீட்டில் இருக்க நேர்ந்தால் யார் உடன் இருக்க முடியும் என்பதைக் கணவனும் மனைவியும் இரவே பேசிவையுங்கள்.

இது முடிவெடுப்பது அல்ல. காலையில் எடுக்கப்போகும் முடிவு நேர்மையாக அமைவதற்கான ஏற்பாடு. மாற்று வழி எதுவும் யோசிக்கப்படாத வீட்டில், பத்து மணிக் கூட்டத்தை நினைத்துக்கொண்டே தெர்மாமீட்டரைப் பார்க்க நேர்கிறது. அப்போது 100.6 என்ற எண்கூட ‘லேசான சூடுதான்’ என்று தோன்றிவிடும்.

3. காலையில் முதலில் அளவு, பிறகுதான் மருந்து

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். மருந்து கொடுத்த பிறகு எடுக்கும் அளவு மருந்தின் வேலையைத்தான் காட்டும், குழந்தையின் நிலையைக் காட்டாது. அதனால் கண்விழித்ததும், குளிப்பாட்டுவதற்கும் சூடான பால் கொடுப்பதற்கும் முன்பாக வெப்பம் பார்க்க வேண்டும்.

அக்குளில் வைப்பதானால் வியர்வையைத் துடைத்து, கருவியின் முனை தோலில் நன்றாகப் படும்படி வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, ஒலி வரும்வரை காத்திருங்கள். உடலின் உள்வெப்பத்தைவிட அக்குள் அளவு சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதால், அங்கே 99.5 பாரன்ஹீட்டைத் தாண்டினால் அரைமணி கழித்து மீண்டும் பாருங்கள். 100.4 பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், அல்லது அதற்கு மேல் இருந்தால் அது காய்ச்சல். அன்று பள்ளி இல்லை. கழுத்தில் கைவைத்துப் பார்ப்பது சந்தேகத்தை எழுப்ப உதவும், முடிவெடுக்க உதவாது.

இரவு இரண்டு மணிக்கு மருந்து கொடுத்திருந்து காலை ஆறரைக்கு வெப்பம் இயல்பாக இருந்தால், அதைக் காய்ச்சல் இல்லாத காலையாகக் கணக்கிடக் கூடாது. மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருப்பதே பள்ளிக்குத் திரும்புவதற்கான குறைந்தபட்ச அளவுகோல்.

4. காய்ச்சல் இல்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியவை

முதலில் மூச்சு. குழந்தை அமைதியாக இருக்கும்போது மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுவரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேலும், ஐந்து வயதைக் கடந்த குழந்தைக்கு 30க்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுத்துக்கொண்டாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் குழந்தை திணறினாலோ பள்ளியைப் பற்றிய பேச்சே வேண்டாம்; உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் வீசிங் உள்ள குழந்தைகளுக்கு இந்த எண்ணிக்கையைத் தினமும் பார்ப்பது நல்லது.

அடுத்தது வயிறு. கடந்த 24 மணி நேரத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீராக வயிற்றுப்போக்கு இருந்தாலோ வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாந்தியோ பேதியோ நின்று இரண்டு நாள் கழித்து அனுப்புவதே பாதுகாப்பானது, ஏனெனில் அறிகுறி நின்ற பிறகும் கிருமி மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். சிறு வகுப்புக் குழந்தைகள் தாமே கழுவிக்கொள்ளும் கழிப்பறையில் அது எளிதாகப் பரவிவிடும்.

கடைசியாக, குழந்தையின் நடத்தை. வழக்கமான வகுப்பு நாளை, வேன் பயணத்தையும் சேர்த்து, இந்தக் குழந்தையால் தாங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டர் எதுவும் காட்டாதபோதும், கண் சோர்ந்து சுவரோரம் சாய்ந்து கிடக்கும் குழந்தை வீட்டில் இருக்க வேண்டிய குழந்தைதான். ஐம்பது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அந்தச் சாய்வை யாரும் உடனே கவனிக்க மாட்டார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மூக்கு ஒழுகுவதற்கெல்லாம் நிறுத்தினால் எல்.கே.ஜி.யின் முதல் ஆண்டில் பாதி நாள் வீட்டிலேயே கழிந்துவிடும். காய்ச்சல் இல்லாமல், சாப்பிட்டு, விளையாடிக்கொண்டு இருக்கும் குழந்தையைச் சளியோடு அனுப்பலாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பது மட்டும் ஆன்டிபயாட்டிக் தேவை என்பதற்கு அடையாளம் ஆகாது. சளி நின்ற பிறகும் இரண்டு, மூன்று வாரம் இருமல் நீடிப்பது இயல்பானது. அந்த இருமலை அடக்கிப் பள்ளிக்கு அனுப்புவதற்காக மருந்துக் கடையில் கேட்டு இருமல் சிரப் வாங்காதீர்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அவற்றை எழுதக் கூடாது என்றும், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது. ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு இரவில் ஒரு தேக்கரண்டி தேன் போதுமான ஆறுதல் தரும்.

5. நோய்க்கு நோய் நாள்கணக்கு மாறும்

சின்னம்மையில் நம் வீடுகளில் தண்ணீர் ஊற்றும் கணக்கே முதலில் வருகிறது. மூன்றாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று குழந்தையை அனுப்புபவர்கள் உண்டு. வழக்கத்தைத் தாராளமாகக் கடைப்பிடியுங்கள். ஆனால் பள்ளிக்கு அனுப்புவதை எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டியதை வைத்தே முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். உச்சந்தலையிலும் காதுக்குப் பின்னாலும் கடைசிக் கொப்புளங்கள் ஒளிந்திருக்கும், அங்கே கட்டாயம் பாருங்கள். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே இது பரவும் என்பதால், உறுதியானவுடன் பள்ளிக்குச் சொல்ல வேண்டும். அம்மை போடாத கர்ப்பிணி ஆசிரியை ஒருவர் அந்த வகுப்பில் இருக்கக்கூடும். அவருக்கு இந்தத் தகவல் உயிர்நிலையானது.

தட்டம்மைக்குத் தடிப்பு தோன்றியதிலிருந்து நான்கு நாள். பொன்னுக்குவீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள். அரசின் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டுமே இருப்பதால், பொன்னுக்குவீங்கிக்கும் சேர்த்த எம்.எம்.ஆர். ஊசி போடப்பட்டதா என்பதைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கை, கால், வாய் நோய் மழலையர் வகுப்புகளில் அடிக்கடி சுற்றி வருகிறது. காய்ச்சல் இருக்கும்வரையும், வாய்ப்புண்ணால் எச்சில் வடியும்வரையும், கொப்புளங்கள் ஈரமாக இருக்கும்வரையும் வீட்டில் இருக்க வேண்டும். பள்ளிகள் பெரும்பாலும் ஒரு வாரம் கேட்கின்றன. இதன் வைரஸ் மலத்தில் வாரக்கணக்கில் இருக்கும் என்பதால், திரும்பிய பிறகும் சோப்பு போட்டுக் கை கழுவும் பழக்கம் தொடர வேண்டும்.

மெட்ராஸ் ஐ 2023 ஜூலை, ஆகஸ்டில் இந்நகரத்துப் பள்ளிகளில் வேகமாகப் பரவியது. பெரும்பாலும் வைரஸால் வருவதால் ஆன்டிபயாட்டிக் சொட்டு அதைச் சீக்கிரம் போக்கிவிடாது. கண் சிவப்பும் நீரும் பீளையும் வடிவதும் நிற்கும்வரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் தரும் சொட்டில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மருத்துவர் பார்க்காமல் அதைப் போடக் கூடாது.

தொண்டையில் பாக்டீரியத் தொற்று என்று மருத்துவர் உறுதிசெய்து ஆன்டிபயாட்டிக் தொடங்கினால், 24 மணி நேரம் கழிந்து காய்ச்சலும் விட்டபின் அனுப்பலாம். மருந்தை மட்டும் சொன்ன நாள்வரை நிறுத்தக் கூடாது. சொறி சிரங்குக்கு மருத்துவர் தரும் களிம்பை இரவு முழுதும் பூசிக் கழுவிய மறுநாள் அனுப்பலாம். பேனுக்காக விடுப்பு எடுக்கத் தேவையே இல்லை.

6. மழைக்காலக் காய்ச்சலுக்குத் தனிக் கணக்கு

ஜூன் முதல் நவம்பர் வரை பெங்களூரில் வரும் காய்ச்சலை மற்ற மாதக் காய்ச்சலைப் போல நடத்த முடியாது. டெங்குவைக் கர்நாடக அரசு 2024 செப்டம்பரில் தொற்றுப்பரவல் நோயாகவே அறிவித்தது. இந்த நகரத்துக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறும் இடம் இதுதான்.

மூன்றாம் படியில் சொன்ன 24 மணி நேர விதி, காய்ச்சல் விட்டால் குழந்தை தேறிவருகிறது என்ற அனுமானத்தின் மீது நிற்கிறது. டெங்குவில் அது தலைகீழாகும். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கி, அடுத்த 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது. விதிப்படி பள்ளிக்கு அனுப்பத் தோன்றும் காலையும், குழந்தையை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய காலையும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

அதனால் மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, சளி இருமல் எதுவும் இல்லாமல் திடீரென்று அதிகக் காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். டெங்குவைக் கண்டறியும் என்.எஸ்.1 இரத்தச் சோதனை முதல் ஐந்து நாளுக்குள் பயன் தரும். டெங்கு இல்லை என்று தெளிவாகும்வரை பாராசிட்டமாலைத் தவிர வேறு காய்ச்சல் மருந்து வேண்டாம். ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. மெஃபெனமிக் அமிலம் கலந்த சிரப் பல வீடுகளில் முந்தைய காய்ச்சலுக்கு வாங்கிய மீதியாக இருக்கும், பெயரைப் படித்துப் பாருங்கள்.

கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல், வழக்கமில்லாத மந்தம் அல்லது அமைதியின்மை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். 108 ஆம்புலன்ஸ் உண்டு. அரசு மருத்துவமனைகளில் நிம்ஹான்ஸ் அருகே உள்ள இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனையும், விக்டோரியா மருத்துவமனையை ஒட்டிய வாணி விலாஸும் குழந்தைகளைப் பார்க்கின்றன. பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்காமல், குழந்தை எவ்வளவு குடித்தது, எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்பதை எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அவருக்கு அது பெரிதும் உதவும்.

டெங்கு உறுதியான குழந்தை, காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கடந்து, பசி திரும்பி, மருத்துவர் அனுமதித்த பிறகே பள்ளிக்குப் போக வேண்டும்.

7. யார் விடுப்பு எடுப்பது என்பது இதற்குப் பிறகுதான்

அனுப்பலாமா என்பதும் யார் வீட்டில் இருப்பது என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவதை முதலில் கேட்டால், பதில் எப்போதும் ‘அனுப்பிவிடலாம்’ என்றுதான் வரும். முடிவான பின், இரவு பேசிவைத்தபடி காலைப்பொழுதை ஒருவரும் பிற்பகலை மற்றவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். எப்போதும் அம்மாவே விடுப்பு எடுக்கும் வீடுகளில் அவருடைய விடுப்பு செப்டம்பருக்குள் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு சிரப் கொடுத்து அனுப்பும் காலைகள் கூடுகின்றன.

சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ பாட்டியை வரவழைப்பதாக இருந்தால், அவருக்குச் சர்க்கரை நோயோ இருதயக் கோளாறோ இருக்கிறதா என்று யோசியுங்கள். குழந்தைக்கு மூன்று நாளில் போகும் ஃப்ளூ அவருக்கு நிமோனியாவாகலாம்.

வருகைப்பதிவைப் பற்றிய அச்சமும் இந்த இடத்தில் குறுக்கிடுகிறது. சி.பி.எஸ்.இ. 75 சதவீத வருகையைப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளுக்குக் கேட்கிறது. அங்கேயும் மருத்துவச் சான்றுடன் தளர்வு கோர இடமுண்டு. யு.கே.ஜி. குழந்தையை நூறு சதவீத வருகைச் சான்றிதழுக்காக அனுப்புவதில் எந்த நியாயமும் இல்லை.

8. பள்ளிக்கும் வேனுக்கும் தகவல்

வேன் ஓட்டுநருக்கு முதலில் சொல்லுங்கள். ‘இவத்து மகு பரல்ல’ (இன்று குழந்தை வராது) என்ற ஒரு கன்னட வாக்கியம் போதும். அவர் வாசலில் காத்திராமல் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடுவார். வகுப்பாசிரியருக்கு எழுதும்போது குழந்தையின் பெயர், பிரிவு, என்ன அறிகுறி, எப்போது தொடங்கியது, அளந்த வெப்பம், மருத்துவர் என்ன சொன்னார் என்பவற்றைக் குறிப்பிடுங்கள். ‘குடும்ப விசேஷம்’ என்று மாற்றி எழுதினால், அதே வகுப்பில் மூன்று குழந்தைகளுக்கு ஒரே நோய் வந்திருப்பது எங்களுக்குத் தெரியாமல் போய்விடும். மற்றப் பெற்றோரை எச்சரிக்கவும் முடியாது.

9. வீட்டில் இருக்கும் நாள்

பாராசிட்டமால் கொடுத்த நேரத்தைத் தாளில் எழுதுங்கள். இடைவெளி குறைந்தது நான்கு மணி நேரம், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. காலையில் அப்பா கொடுத்தது தெரியாமல் பத்து மணிக்கு அம்மா மறுபடி கொடுப்பதை அந்தத் தாள்தான் தடுக்கும். உப்புப் போட்ட கஞ்சி, ரசம் சாதம், இட்லி, மோர், இளநீர் என்று குழந்தை ஏற்பதைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஒரு நாள் சாப்பாடு குறைந்தால் கவலை வேண்டாம், குடிப்பது குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கலக்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு அளவுக்கு மீறிப் போகும். காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 100 முதல் 200 மில்லி கொடுக்கலாம். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பாதீர்கள், உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே உண்டு, அதைவிட மிகுதியான சர்க்கரை பேதியைக் கூட்டும். அத்தகைய பானங்களின் பெயரில் அந்தச் சொல்லைப் போடுவதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை விதித்தது.

10. திங்கட்கிழமை வயிற்றுவலி

குழந்தை காலையில் வயிறு வலி என்கிறது, ஆனால் வேன் போனதும் சரியாகிவிடுகிறது. சனி, ஞாயிறில் வருவதே இல்லை. இதை நடிப்பு என்று திட்டாதீர்கள், ஏனெனில் பயமும் உண்மையாகவே வயிற்றைப் பிசையும். காய்ச்சல், வாந்தி, எடைக் குறைவு, இரவில் எழுப்பும் வலி எதுவும் இல்லை என்று மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு பள்ளிக்கு அனுப்புங்கள். வீட்டில் இருக்க இருக்க அந்தப் பயம் வளரும். அதே வாரத்தில் வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். கன்னடமோ இந்தியோ புரியாமல் தனித்துவிடப்படுவது, அசுத்தமான கழிப்பறை, வேனில் மிரட்டும் பெரிய பிள்ளை என்று காரணம் பெரும்பாலும் சிறியதாகவும் திருத்தக்கூடியதாகவும் இருக்கும்.

11. திரும்ப அனுப்பும் நாள்

காலையில் மீண்டும் ஒருமுறை வெப்பம் பாருங்கள். காலை உணவு உள்ளே தங்கியதா, படி ஏறி இறங்கினால் மூச்சு வாங்காமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். டைரியில் மூன்று தகவல்கள் எழுதுங்கள்: என்ன நோய், விளையாட்டு வகுப்பு எப்போதிருந்து, பகலில் மருந்து ஏதேனும் உண்டா. பகல் வேளை மருந்தைக் குழந்தையின் பையில் போட்டு அனுப்பாமல், மருத்துவர் சீட்டின் நகலோடு சிக் ரூமில் ஒப்படையுங்கள். குழந்தை திரும்பி வரும் அன்று பிற்பகலில் நாங்கள் அழைத்தால் அரைமணிக்குள் வரக்கூடிய ஒருவரின் எண்ணை, அது மாடி வீட்டு அக்காவின் எண்ணாக இருந்தாலும், அவரிடம் சொல்லிவிட்டுப் பள்ளியில் கொடுத்துவையுங்கள். அவர் குழந்தையை அழைத்துச் செல்ல உங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் எங்களிடம் இருக்க வேண்டும்.